சிட்னியில் என் மனேஜர் பதவி போன கதை

மெல்பனிலிருந்து சிட்னிக்குக் காரில் போகலாமா என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். எழுபதுகளின் நடுப்பகுதியில், ஒரு ஓகஸ்ட் மாதக் குளிரில், நானும் என் மனைவி வசந்தியும் முதன்முறை அப்படித்தான் போனோம். ஊர் பார்க்கப் போகவில்லை. நான் அப்போது ஒரு ஸ்பானிய உதைபந்தாட்டக் குழுவின் மனேஜர். சிரிக்காதீர்கள்.

மெல்பனின் கிளேட்டன் பகுதியில் என்னோடு தொழிற்சாலையில் வேலைசெய்த ஸ்பானியர்கள் தொடங்கிய குழு அது. ஸ்பெயினின் ஒரு பகுதிக்காரர் மனேஜரானால் மற்றப் பகுதிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆகவே எந்தப் பக்கமும் சேராத, யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் மட்டுமே விளையாடிய என்னைப் பிடித்துப் போட்டார்கள். இரண்டு வருடமாக எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இருக்கவில்லை. விலகுகிறேன் என்றால் அவர்கள் மனம் நோகுமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

"சிட்னியில வைச்சு இந்த மனேஜர் வேலையை விடுறன் எண்டு சொல்லுறியள். இல்லாட்டி அடுத்த ஞாயிறிலயிருந்து நான் ஒரு இடமும் வரமாட்டன்," என்றாள் வசந்தி, கார் புறப்படும்போதே. நான் ஓம் என்றேன். ஓம் சொல்வதில் மட்டும் நான் கெட்டிக்காரன்.

ஹியூம் ஹைவே வழியாக ஏறத்தாழ தொள்ளாயிரம் கிலோமீற்றர். அன்று பெரும்பகுதி ஒடுங்கிய வீதி. லொறிக்குப் பின்னால் மாட்டினால் மாட்டியதுதான். ஒரே மூச்சில் ஓடாமல் வழியில் கண்டகை என்ற சின்ன ஊரில் இரவு தங்கினோம். காலைச் சாப்பாட்டை மோட்டல்காரர் சுவரிலிருந்த சின்னக் கதவு வழியாகத் தள்ளிவிட்டுப் போனார். ஆறிய டோஸ்ட். நல்லவேளை, வசந்தி மிளகாய்த்தூள் கொண்டுவந்திருந்தாள்.

சிட்னியில் ஸ்பானியர்களின் மண்டபத்தில் இறங்கினோம். பஸ்ஸில் முன்னதாகவே வந்துவிட்ட எங்கள் அணித்தலைவன் ரமோன் என்னை நேரே ஒரு சுவருக்குக் கூட்டிப்போனான். ஸ்பெயினில் அவர்கள் உயிரை விடும் பெரிய கிளப்பை நடத்திய மனேஜர்கள் எல்லோரும் படங்களாக வரிசையில் தொங்கினார்கள். ஆங்கிலேயர், ஐரிஷ்காரர், ஹங்கேரியர், கடைசியில் ஒரு டச்சுக்காரர். யார் என்ன கிண்ணம் வென்றார் என்று ரமோன் சொல்லவே இல்லை. யாரை எப்படி அனுப்பினார்கள் என்றுதான் ஆசையாகச் சொன்னான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அனுப்பப்பட்டவர்கள் எவ்வளவு நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பார்கள்!

மறுநாள் ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்னரே நான்கு கோல் வாங்கிவிட்டோம். அப்போது வசந்தியும் ரமோனின் மனைவியும் மற்ற ஆதரவாளர்களும் இருந்த பக்கத்தில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை எழுந்தது. பிறகு பத்து, பிறகு பக்கம் முழுவதும் வெள்ளை. தோற்கும்போதும் உற்சாகப்படுத்துகிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கைக்குட்டையை எடுத்து, எழுந்து நின்று, திருப்பி ஆட்டினேன். ஒரே சிரிப்பு.

ரமோன் ஓடிவந்தான். மனேஜரை மிஸ்டர் என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம்.

"மிஸ்டர், கையை இறக்குங்கள். அது உங்களைப் போகச் சொல்வது."

"எங்கே?"

"வீட்டுக்கு."

அப்பாடா! அன்று மாலை நிர்வாகக் குழு மிகுந்த துக்கத்தோடு என்னை விடுவித்தது. முகத்தைச் சோகமாக வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "கவலைப்படாதீர்கள், எங்கள் கிளப் அனுப்பியவரையே திரும்பக் கூப்பிட்டதும் உண்டு," என்று ரமோன் தேற்றியபோதுதான் கொஞ்சம் பயந்தேன்.

காரில் போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: வழியில் ஓரிரவு தங்குங்கள், வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுங்கள், கங்காருக்கள் பொழுதுபடும் நேரத்தில்தான் வீதிக்கு வரும். திரும்பும்போது அவசரப்படவே வேண்டாம். நான் கோல்பர்ன் தாண்டும்வரை பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன். விலகுகிறேன் என்று சொல்லாமலே விலகியாயிற்று. ஒருவர் மனமும் நோகவில்லை.

"முதல்ல லேஞ்சி ஆட்டினது ஆர் எண்டு பாத்தனீங்களோ?" என்றாள் வசந்தி.

"இல்லை. ஆர்?"

அவள் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"ஒராள் எழும்பி ஆட்டினால் மிச்ச ஆக்களும் ஆட்டுவினம் எண்டு ரமோன்ர மனிசிதான் சொன்னவ. எல்லாம் சரியாத்தான் நடந்தது. நீங்கள் என்னைப் பாத்துத் திருப்பி ஆட்டேக்கதான் எனக்கு ஒரு மாதிரிப் போச்சு."