அரைக்கிலோ தாங்காத ட்ரிகர்

டக்.

அவ்ளோதான் சத்தம். அரைக்கிலோ எடைக்கல்லு மேஜை மேல கவுந்து கெடக்கு. கேஸ் அடைச்சுச் சுடற என் ஏர் பிஸ்டல், துப்பாக்கி கிளப் செயலாளர் கையில அந்தரத்துல நிக்குது. பின்னாடி க்யூவுல நின்னவங்க எல்லாரும் என்னையே பாக்கறாங்க. விஷயம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஏர் பிஸ்டல் போட்டிக்கு முன்னாடி, குண்டு போடாம, ட்ரிகர்ல அரைக்கிலோ எடைய மாட்டி துப்பாக்கிய மேல தூக்குவாங்க. ட்ரிகர் அந்த எடையத் தாங்கணும். தாங்காம இழுபட்டுச்சுன்னா, கை பட்டாலே சுட்டுரும்னு அர்த்தம், ஆட்டத்துல சேக்க மாட்டாங்க. என்னோடது, எடை மேஜைய விட்டு எழும்பறதுக்கு முன்னாடியே இழுபட்டுருச்சு.

கிளப்லேருந்து மாநிலப் போட்டிக்குப் போக ஜூனியர்ல ஒரே ஒரு எடம்தான். எனக்கு இது ஜூனியர்ல கடைசி வருஷம். இத விட்டா சீனியர்ல போய், நான் பொறக்கறதுக்கு முன்னாடியே சுட ஆரம்பிச்ச மாமாங்களோட மோதணும். அந்த எடத்துக்கு நெஜமான போட்டி ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு முசிறியிலேருந்து பஸ்ல வர்ற சரவணன். ப்ராக்டிஸ்ல நாந்தான் முன்னாடி இருந்தேன். செயலாளர் சார் கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிட்டு சொன்னாரு: "செக்கிங் மூட இன்னும் கால் மணி நேரம் இருக்கு தம்பி. அதுக்குள்ள இத ஒரு துப்பாக்கியா மாத்திக் கொண்டா."

*ஃபேன் எங்க மாட்டறது?*

இந்த நெலமைக்கு நான் எப்படி வந்தேன்னு சொல்லணும்னா, கடையிலேருந்து ஆரம்பிக்கணும். மலைக்கோட்டைக்குக் கீழ ஒரு சந்துல விளையாட்டு சாமான் கடை. கல்லாவுல பாய், ஏர் பிஸ்டல் கவுண்டர்ல நான். இதையும் அங்க உக்காந்துதான் டைப் பண்றேன். இருங்க, ஒருத்தர் ஷட்டில் காக் கேக்கறாரு.

வந்துட்டேன். எங்க கவுண்டருக்கு வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு சுடறதுக்கு வாங்கறதில்லைங்க, மாட்டறதுக்கு வாங்கறாங்க. கிளப்ல செலக்‌ஷன் நடந்த வாரத்துல வந்தாரு தில்லைநகர் ஜிம் அண்ணன் ஒருத்தர். அவரு பிஸ்டலுக்கு மேல குறி பாக்க செவப்புப் புள்ளி காட்டற ரெட் டாட், கீழ லேசர், பக்கத்துல டார்ச், முன்னாடி சைலன்ஸர் மாதிரி ஒரு வெத்துக் குழாய். இவ்ளோ மாட்டின மனுஷன் இதுவரைக்கும் எதச் சுட்டிருக்காருன்னா, ஒரு பிளாஸ்டிக் பாட்டில. அதுவும் மிஸ்ஸு.

"ப்ரோ, கேஸ் ஃபுல்லா இருக்கு, ஆனா சுட மாட்டேங்குது"ன்னாரு. எங்க வெச்சிருந்தீங்கன்னு கேட்டா, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலயாம். சித்திரை மாசம், நம்ம திருச்சி வெயிலு, மத்தியானம் பூரா! சூடாச்சுன்னா உள்ள கேஸ் அழுத்தம் ஏறிக்கும். துப்பாக்கிக்குள்ள இருக்கற குட்டி சுத்தியல் என்னதான் அடிச்சாலும் கேஸ் வால்வு தெறக்காது. ஆற விட்டா சரியாயிரும். பொறுமையா எடுத்துச் சொல்லி, ஃபேனுக்கு அடியில வெச்சேன். ஆறினதும் சுட்டுது. அவரு டார்ச்சத் தடவிப் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு: "இதுக்குப் பக்கத்துல ஒரு குட்டி ஃபேன் மாட்டிரலாமா ப்ரோ?"

*குரங்குக்கு மட்டும்*

அடுத்த நாள் ஸ்ரீரங்கத்துலேருந்து ஒரு மாமா. பளிச்சுனு திருமண், கையில மஞ்சப் பை. மொட்டை மாடியில வடாம் காய வெச்சா குரங்கு வந்து அள்ளிண்டு போறதாம், மாமி மாமாவ உண்டு இல்லைன்னு பண்றாளாம். அதனால மாமாவுக்கு பிஸ்டல் வேணும்.

"மாமா, குரங்கச் சுடக் கூடாது. சட்டப்படியும் தப்பு, பாவம் வேற. இது அட்டையச் சுடறதுக்கு"ன்னேன். "சுடறதுன்னு யாருடா சொன்னா? சும்மா காட்டினாப் போறும்"னாரு. காட்டினா அது பயப்படாது மாமா, வாங்கிப் பாக்கும்னேன். கல்லாவுலேருந்து பாய் என்னை மொறைக்கறாரு. வந்த யாவாரத்த வெரட்டறேனாம். மாமா கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த எல்லா பிஸ்டலையும் ஒரு தடவ சேவிக்கற மாதிரி பாத்துட்டு, குரலத் தாழ்த்திக் கேட்டாரு: "ஆஞ்சநேயர் கோச்சுக்கப்படாது, குரங்கு மட்டும் பயப்படணும். அந்த மாதிரி ஏதாவது இருந்தா எடுடா அம்பி."

*பிரவீன் கை பட்டது*

இப்படி நாள் பூரா பாத்துப் பாத்து எனக்குத் தலைக்கனம் ஏறிருச்சு. நான் டார்ச் மாட்டற கும்பல் இல்ல, குரங்கு வெரட்டற கும்பலும் இல்ல. நான் ட்யூனிங் கும்பல்! என் பிஸ்டல்ல வெளிய ஒரு ஸ்டிக்கர் கூடக் கெடையாது. எல்லா வேலையும் உள்ள.

அந்த உள் வேலைக்கு ஆளு பிரவீன். கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் பையன், என்கூட டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சவன். ரெண்டு பேருமே படிச்ச அழகு எப்படின்னா, நான் காக் விக்கறேன், அவன் வீடியோ பாக்கறான். செலக்‌ஷனுக்கு மொத நாள் என் பிஸ்டலத் தெறந்தான். அது நல்லாத்தான் இருந்துச்சு. "நல்லா இருக்கறதத்தான்டா இன்னும் நல்லா பண்ண முடியும்"னு அவன் சொல்ல, நானும் மண்டைய ஆட்டினேன். ட்ரிகர்ல ஒண்ணோட ஒண்ணு உரசற ரெண்டு பாகத்தையும் பாலீஷ் போட்டுத் தேய்ச்சான். வீடியோவுல ஒரு வெள்ளைக்காரன் ட்ரிகர் ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டினான். இவன் மரியாதைக்கு ரெண்டு சுத்து வெட்டினான்.

மூடிட்டு அவன் வீட்டுக் கொல்லையில அட்டை வெச்சு சுட்டுப் பாத்தேன். அடடா! வெரல் பட்டுச்சா படலையான்னே தெரியல, அட்டையில ஓட்டை. எடை செக்கிங்னு ஒண்ணு இருக்கறது ரெண்டு பேருக்கும் ஞாபகமே வரல. வருஷா வருஷம் அது தானா பாஸ் ஆயிரும், யாரு அத நெனப்பா? பிரவீன் கையத் தொடச்சுக்கிட்டே பெருமையா சொன்னான்: "இனிமே நீ சுடவே வேணாம் மச்சான். நெனச்சாப் போதும்."

*ரெனால்ட்ஸ் இல்ல, தட்டற பேனா*

இப்ப மறுபடியும் செக்கிங் மேஜைக்கு வாங்க. கால் மணி நேரம். வெட்டின ஸ்பிரிங் துண்டு எங்கடான்னு, கூட வந்திருந்த பிரவீனக் கேட்டா, அம்மா பெருக்கித் தள்ளிட்டாங்களாம். அவன அடிக்கக் கூட எனக்கு நேரம் இல்ல. அவன் திடீர்னு ரோட்டத் தாண்டி ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான். வரும்போது கையில ஒரு பேனா, தட்டினா முனை வெளிய வருமே, அது. அத உடைச்சு ஸ்பிரிங்க உருவினான். "இது எப்படிடா சேரும்"னேன். "சேர வைக்கறேன்டா, பொத்திக்கிட்டு டார்ச்சப் பிடி"ன்னான். ஆமாங்க, என் போன் டார்ச்ச நாந்தான் பிடிச்சேன், பைக் சீட்டு மேல அவன் ஆபரேஷன் பண்ணினான்.

மூடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஓடிப்போய் நீட்டினேன். சார் எடைய மாட்டினாரு, தூக்கினாரு. தாங்குது! சந்தேகம் வந்து இன்னொரு அரைக்கிலோவ சேத்து மாட்டினாரு. அதையும் தாங்குது. க்யூவுல இருந்தவங்க கை தட்டினாங்க. பிரவீன் கும்பிடு போட்டான்.

அப்புறம் சுடப் போனேன். ட்ரிகர இழுக்கறேன், வரல. இன்னும் இழுக்கறேன், வரல; பேனா ஸ்பிரிங் அவ்ளோ இறுக்கம். மூச்சப் பிடிச்சு மொத்தக் கையால இழுத்தா, குண்டு போகும்போது பிஸ்டலே தலை குனிஞ்சு வணக்கம் சொல்லுது. அட்டையில நடுவுல பொட்டு மாதிரி கறுப்பு வட்டம், அதுல ஒரு கீறல் கூட இல்ல. எல்லா ஓட்டையும் கீழ எடது மூலையில, மிளகு கொட்டின மாதிரி. பக்கத்து லேன்ல சரவணன் கிளப்போட பழைய பிஸ்டல வெச்சு, வீட்டு வேலை பாக்கற மாதிரி ஒண்ணொண்ணா நடுவுல வெக்கறான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, வேர்வைன்னு தொடச்சுக்கிட்டேன்.

எடம் சரவணனுக்குப் போச்சு. அவன் வந்து கை குடுத்தான். ட்ரிகர இழுத்து இழுத்து என் வலது ஆள்காட்டி வெரலு வீங்கியிருந்ததால எடது கையத்தான் நீட்ட முடிஞ்சுது. செயலாளர் சார் என் அட்டைய வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. அப்புறம் என் தோள்ல தட்டினாரு: "எடை செக்கிங்ல இன்னைக்கு நீதான்ப்பா ஃபர்ஸ்ட். அதுக்குன்னு ஒரு மாநிலப் போட்டி வெச்சாங்கன்னா, கண்டிப்பா உன் பேரத்தான் அனுப்புவேன்."

நல்லா சுட்டுக்கிட்டிருக்கற துப்பாக்கியத் தெறந்து பாக்கறவனுக்கு, தோக்கறதுக்கு எதிர்ல ஒரு ஆளே தேவையில்லைங்க.