அவித்த பல்

இரண்டு கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க ஹெந்தளைக்குப் போனேன். இடுப்பெலும்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு அங்கே ஒரு பராமரிப்பு நிலையத்தில் இருக்கிறா. என் வெள்ளவத்தை ஃபிளாட் நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. வேறு வழியில்லாமல் சேர்த்தேன்.

முப்பது வருஷம் படிப்பித்தவ அக்கா. வகுப்பு முடிந்த பிறகும் கதை முடியாது. அன்றைக்கு அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்தேன் — ஒரு சொல் இல்லை. கைலேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரையே பார்த்தபடி இருந்தா. நன்றாக மெலிந்தும் போயிருந்தா.

மேட்ரனிடம் கேட்டேன்.

“ஒரு கிழமையா சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை. டொக்டர் வந்து பார்த்தவர். டிப்ரெஷனாம். குளிசை எழுதியிருக்கிறார்.”

அவ அந்தப் பக்கம் போனதும் அக்கா என் கையைப் பிடித்தா.

“பல்லுப் பொருந்துதில்லை.” மூன்றாம் தரம் சொன்னபோதுதான் எனக்கே விளங்கியது.

கோப்பையில் கிடந்த மேல் பல்செட்டை எடுத்துப் பார்த்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. போட்டால் ஒரு பக்கம் தூக்குகிறது, மற்றப் பக்கம் பல் முரசை வெட்டுகிறது. வாய்க்குள் புண். இந்தப் புண்ணோடு யார் சாப்பிடுவார்கள்?

“ஏன் அக்கா இஞ்ச இருக்கிறவைக்குச் சொல்லேல்லை?”

“சொன்னனான். நான் கதைக்கிறது விளங்கேல்லை எண்டினம்.”

அங்கே பல்செட்டுகளைக் கழுவுகிற பெண்ணைத் தேடிப் பிடித்துச் சிங்களத்தில் கேட்டேன். பாவம், ஒளிக்காமல் சொன்னாள். இரண்டு பேருக்கு வயிற்றோட்டம் வந்ததாம். கிருமி சாக எல்லாவற்றையும் கொதிதண்ணீரில் போடச் சொன்னாவாம் மேட்ரன். கரண்டி, கோப்பை, பல் — எல்லாம் ஒரே சட்டியில்.

அடுத்த நாள் செட்டோடு கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த பல் டொக்டரிடம் போனேன். ஒரு தரம் திருப்பிப் பார்த்தார்.

“இது அக்ரிலிக். கொதிதண்ணீர் பட்டால் வளையும். வளைஞ்சா பழையபடி வராது. புதுசுதான் செய்ய வேணும்.”

“அப்ப கிருமியை என்ன செய்யிறது?”

“மெல்லிய பிரஷ், கொஞ்சம் சோப், பச்சைத்தண்ணீர். பிறகு பல்செட்டுக்கெண்டே விக்கிற குளிசையைக் கரைச்சு, பெட்டியில போட்டிருக்கிற நேரத்துக்கு ஊறவிட்டு நல்லாக் கழுவ வேணும். பிளீச்சும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். போடாத நேரம் தண்ணீருக்குள்ள வையுங்கோ, காயவிடாதேங்கோ.”

இவ்வளவுதான். இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். வயதானவர்களைப் பார்ப்பதே தொழிலாக இருக்கிற ஓரிடத்தில் அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லையா?

அங்கிருந்தே நேராக மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். அவ நிதானமாகப் பதில் சொன்னா:

“எல்லாற்ற பல்லையும்தானே அவிச்சனாங்கள். வேற ஒருத்தரும் கொம்ப்ளெய்ன் பண்ணேல்லையே.”

சாப்பாட்டு அறையை எட்டிப் பார்த்தேன். மேசை முழுக்கக் கஞ்சிக் கோப்பைகள். ஒட்டிய கன்னங்கள். ஒருவரோடு ஒருவர் கதையில்லை. முறைப்பாடு செய்வதற்கும் வாய் வேண்டாமா?

நான் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே இருந்து பல் டொக்டருக்கு ஃபோன் கோல் எடுத்தேன். புதன்கிழமை பையோடு வந்தார் மனிதர். ஏழு பேரின் வாயைப் பார்த்தார். ஐந்து செட் பழுது. இனிப் பல்லை அவிப்பதில்லை என்று அவர் முன்னால் மேட்ரன் ஒத்துக்கொண்டா. பல் கழுவும் முறையை மூன்று மொழியிலும் எழுதி, கை கழுவும் பேசினுக்கு மேலே நானே ஒட்டினேன். நிலையத்து டொக்டரும் டிப்ரெஷன் குளிசையை நிறுத்திவிட்டார்.

அக்காவுக்குப் புதுச் செட் வர இன்னும் நாளாகும். புண் ஆறி வருகிறது. இப்போது குழைத்த சோறு சாப்பிடுகிறா. கைலேஞ்சியை எடுத்துவிட்டுக் கதைக்கவும் தொடங்கிவிட்டா. நேற்றுத்தான் கேட்டேன் — “டிப்ரெஷன் எண்டு எழுதின டொக்டர் உங்களை எப்படி அக்கா பார்த்தவர்?”

பிரஷர் பார்த்தாராம், நெஞ்சில் குழாய் வைத்தாராம், கண்ணுக்கு டோர்ச் அடித்தாராம். வாயைத் திற என்று மட்டும் சொல்லவில்லையாம்.