வியாழக்கிழமை அழைப்பு

கூட்டத்தில் கையைத் தூக்கி நிற்பதென்றால் எனக்குக் கூச்சம். ஆனால் எங்கள் வீட்டில் நான்தான் உயரம். அதனால் கோயிலில் வியாழக்கிழமை நவநாள் ஜெபத்தில் போனைத் தூக்கிப் பிடிப்பது என் வேலையானது.

தம்பி சூடானில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஜெனரேட்டர் மெக்கானிக். அவன் மனைவியும் நானும் விவேக் நகரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு கடையில் ரவிக்கை தைக்கிறேன். ஃபாதர் ஆசீர்வாதம் கொடுக்கும் நேரம் பார்த்து அவள் வீடியோ கால் போட்டு என்னிடம் தருவாள். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, போனைப் பீடத்தைப் பார்த்துப் பிடிப்பேன். அங்கே தம்பி தொப்பியைக் கழற்றிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் அம்மா எங்களைப் பார்த்தாலே, "இன்னா, ஆப்பிரிக்காக்காரர் பூசைக்கு வந்தாரா?" என்பார்.

அந்த நாட்டில் சண்டை மூண்டபோது, யாருக்கும் யாருக்கும் என்றுகூட எங்களுக்கு விளங்கவில்லை.

"ரெண்டு பக்கமும் இந்த ஊர் மிலிட்டரிதான்க்கா" என்றான் தம்பி. "போன மாசம் ஒரே கடையில டீ குடிச்சவங்க."

வெளியே போக முடியாமல் அவனும் கூட வேலை செய்த இரண்டு பேரும் கம்பெனிக் கட்டிடத்திலேயே அடைந்து கிடந்தார்கள். அந்த நாட்டுக்காரரான கம்பெனிக் காவல்காரர் ஒருவரும் கூட இருந்தார். மாவு கரைத்து ரொட்டி சுட்டு இவர்களுக்கும் கொடுப்பாராம்.

"நீங்க கூப்பிடாதீங்க. நானே கூப்பிடுறேன். ரோட்ல துப்பாக்கியோட சுத்தினு இருக்கானுங்க, சத்தம் கேட்டா உள்ள வந்துடுவானுங்க" என்று தம்பி சொன்னான். இரண்டு பேரும் தலையாட்டினோம்.

வியாழக்கிழமை வந்தது. கோயிலில் அழுதுகொண்டே ஜெபம் சொன்னோம். ஃபாதர் கையை உயர்த்தினார், மணி அடித்தது. தம்பி மனைவியின் விரல் பழக்கத்தில் போனைத் தட்டிவிட்டது. என் கையும் பழக்கத்தில் வாங்கித் தூக்கிப் பிடித்தது. அவன் சொன்னது இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை.

போனில் மணி போய்க்கொண்டே இருந்தது. எப்போதும் உடனே எடுப்பவன் எடுக்கவில்லை. எனக்குக் கை வலித்தது. நான் பீடத்தைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று அவள் என் இடுப்பைப் பிடித்துக் கிள்ளினாள். போனைப் பார்த்தேன்.

தம்பி இல்லை. தலையிலும் வாயிலும் துணி சுற்றிய ஒருவன். தோளில் துப்பாக்கியின் வார். அவன் பின்னால் சுவரில், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுத்தனுப்பிய கோயில் காலண்டர். அது தம்பியின் அறை.

அவன் கண் இமைக்காமல் பார்த்தான். தம்பிக்கென்று பிடித்த ஆசீர்வாதத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கையை இறக்கத் தோன்றவில்லை. அப்புறம் படம் ஆடியது. தரை தெரிந்தது. அணைந்து போனது.

"நான்தான் அண்ணி கூப்ட்டேன்" என்று தம்பி மனைவி வெளியே படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். மெழுகுவத்தி அம்மா தண்ணீர் கொண்டு வந்தார்.

அதன்பிறகு தகவல் இல்லை. கடையில் ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடப்பக்கத்துக்கே வெட்டிவிட்டேன். ஒரு மத்தியானம் வீட்டில் இருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. "நான்தான்க்கா" என்றான் தம்பி. துறைமுகத்துக்குப் போகும் பஸ்ஸில் இருந்தான். அவன் மனைவி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னான். போன் மேலே அவன் அறையில் சார்ஜில் இருந்திருக்கிறது. இவர்கள் நாலு பேரும் கீழே மாடிப்படிக்கு அடியில். வந்தவர்கள் நேராக மேலே போயிருக்கிறார்கள். இறங்கும்போது இவர்களைப் பார்த்துவிட்டார்கள். அடித்தார்கள், இருந்ததையெல்லாம் பிடுங்கினார்கள், இந்தியாக்காரர்களை விட்டுவிட்டார்கள்.

"அவரை மட்டும் வெளிய இழுத்துனு போனானுங்க. எந்தப் பக்கத்து ஆளுன்னு கேட்டானுங்க. அவரு காவல்காரன்னு சொன்னாரு. அவ்ளோதான். அப்புறம் வெடிச் சத்தம்."



சோற்றைப் பிசைந்த கையோடு அவன் மனைவி மெதுவாகக் கேட்டாள். "நான் போன் பண்றதுக்கு முன்னாடி வந்தாங்களா, அப்புறமா?"

"முன்னாடியே கேட்டுக்குள்ள வந்துட்டானுங்க. நீ சாப்பிடு."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவர்கள் முன்னாடியே வந்து நேராக மேலே போயிருந்தால், முதல் மணியிலேயே யாராவது எடுத்திருப்பார்கள். என் கை வலிக்கும் வரை அது அடித்தது.

தம்பி என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அவனும் எங்களோடு கோயிலுக்கு வந்தான். ஃபாதர் கையை உயர்த்தினார். மணி அடித்ததும் என் வலது கை தானாகப் பாதி எழுந்தது. அதை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.