தம்பியின் நல்ல காது

இன்று மருதனார்மடம் பஸ்ஸில் என் தம்பியின் பழைய வாத்தியாரைக் கண்டேன்.

எழுபதுகளில் நடந்தது. தம்பிக்கு ஒரு காது மந்தம். சொல்வதெழுதலில் பாதிச் சொல் அவனுக்கு விழாது. "திமிர்" என்று சொல்லி இவர் அவனுடைய நல்ல காதைப் பொத்தி அறைவார். ஒருநாள் கழுத்து வழிய இரத்தத்தோடு வீட்டுக்கு வந்தான். அன்றோடு அந்தக் காதும் போனது.

"தம்பி எப்பிடி இருக்கிறான், பிள்ளை?"

"ரெண்டு காதும் கேளாது, சேர். நீங்கள் அடிச்ச அடி," என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மனிதர் அசையவில்லை. "கண்ணை மட்டும் விட்டிட்டுத் தோலை உரியுங்கோ எண்டு கொப்பர்தானே கொண்டுவந்து விட்டவர். நான் கண்ணைத் தொடேல்லையே!"

உண்மைதான். எங்கள் ஊர் அப்பாமார் எல்லாரும் அப்படித்தான் சொல்லிவிட்டு வருவார்கள்.

உங்கள் அப்பா வாத்தியாரிடம் எதையெல்லாம் விட்டுவைக்கச் சொன்னவர்?