வாளையாரில் பார்த்த இரண்டு மடக்குக் கத்திகள்

காலை ஏழேகால் மணி. எழுபதுகளில் ஒரு சந்தை நாள். வாளையார் சாலையோரக் கடையில் சாக்கின் மேல் இரண்டு மடக்குக் கத்திகள் தெரிந்தன. ஒன்று பளபளக்கும் எவர்சில்வர். துருப்பிடிக்காது, ஆனால் விரித்தால் அலகு மடங்காதபடி பூட்டிக்கொள்ளாது. மற்றது மங்கலான எஃகு, விரித்ததும் பூட்டிக்கொள்ளும். கைக்கொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க, கத்தி வாங்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?” என்றாள் மனைவி. அன்று வாங்கிய காளையின் கயிற்றை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. மிரண்ட காளை அவளைத் தரையோடு இழுத்துக்கொண்டு சாலைக்குப் பாய்ந்தது. எதிரே இன்னொரு லாரி வந்தது.

“அறுத்துவுடுங்க! கை போகுதுங்க!”

ஓடிப்போய் எவர்சில்வர் கத்தியைக் கயிற்றில் வைத்து இழுத்தேன். பாதி அறுத்ததும் அலகு சிக்கியது. உருவினேன், அது மடங்கி என் விரல்களில் இறங்கியது. அவள் அலறல் நின்றுவிட்டது. இடது கையில் இருந்த மற்ற கத்தியால் அறுத்தேன். அது மடங்கவில்லை. கயிறு அறுந்தபோது லாரிச் சக்கரம் அவள் தலையிலிருந்து ஒரு முழத்தில் நின்றிருந்தது.

அவள் கண் திறந்தாள். கை இருந்தது.

அதுவரை அலகைப் பார்த்துத்தான் கத்தி வாங்கியிருக்கிறேன். அன்று பூட்டுள்ளதை வாங்கினேன். கடைக்காரர் என் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, எவர்சில்வர் கத்தியை மறுபடி சாக்கின் மேல் வைத்தார்.