கடைத்தெருவான கோட்டையில் பெரியண்ணை சொன்னது

கடந்த பெப்ரவரியில், பள்ளிக்கூடங்களின் குளிர்கால விடுமுறை வாரத்தில், நானும் என் பெரியண்ணையும் கரீபியன் கடலில் இருக்கும் குரசாவோ தீவுக்குப் போய் வந்தோம். டென்மார்க்கில் பெப்ரவரி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வேலைக்குப் போகும்போது இருட்டு, திரும்பி வரும்போதும் இருட்டு. இடையில் வெயில் கொஞ்சம் எறித்ததாக யாராவது சொன்னால் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். நான் கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் வீட்டுப் பராமரிப்பு வேலை செய்கிறேன். பனியிலும் மழையிலும் சைக்கிளில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, அவர்களின் பிள்ளைகளைப் பற்றிய முறைப்பாடுகளையும் கேட்டுவிட்டு வருகிற வேலை.

பெரியண்ணை கொஞ்சம் தள்ளி இஷொயில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்யவில்லை. இறைச்சித் தொழிற்சாலையில் காலமெல்லாம் நின்று வேலை செய்தவர். போன வருடம் நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். என் மகள்தான், மாமா இப்படியே யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தால் சரிவராது, இரண்டு பேரும் ஒருமுறை வெயிலில் போய்க் கிடந்துவிட்டு வாருங்கள் என்று டேனிஷில் உத்தரவு போட்டாள். நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் பயணச்சீட்டும் எடுத்துவிட்டாள்.

பயணத்துக்குள் போக முன்னர் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. நாங்கள் மூன்று பிள்ளைகள். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, என் இரண்டு அண்ணன்மாரையும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டு போனார்கள். இலங்கையில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டிய பழைய கோட்டை ஒன்றுக்குள் அப்போது இராணுவ முகாம் இருந்தது. அங்கேதான் வைத்திருந்தார்கள். சில கிழமைகளில் பெரியண்ணை திரும்பி வந்தார். சின்னண்ணை வரவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் சின்னண்ணை செத்துவிட்டார் என்று யாரும் சொன்னதில்லை. அவன் வருவான் என்று அம்மா சொன்னார், அவ்வளவுதான். எங்களோடு டென்மார்க்குக்கு வந்து, இங்கேயே கிழவியாகி, இரண்டு குளிர்காலத்துக்கு முன்னர் போய்ச் சேரும்வரை அம்மா சின்னண்ணைக்கு ஒரு காரியமும் செய்ய விடவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் பெரியண்ணை. அவரும் வாய் திறக்கவில்லை. அவருடைய நெஞ்சு அடைத்த அன்று, ஆஸ்பத்திரி நடைபாதையில் இருந்துகொண்டு நான் யோசித்தது வெட்கத்தை விட்டுச் சொன்னால் இதுதான்: இந்த மனுஷன் போய்விட்டால் எனக்கு இனிச் சொல்ல ஒருவரும் இல்லை. இந்தப் பயணத்தில் எப்படியாவது கேட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

காலை ஆறரைக்குக் கஸ்ட்ரூப் விமான நிலையத்தில் ஏறி, ஆம்ஸ்டர்டாமில் மாறி, அங்கிருந்து பத்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் பறக்க வேண்டும். இரண்டு பேருக்கும் போகவர 13,400 குரோணர். விடுமுறை வாரம் என்பதால் இந்த விலை, ஜனவரியில் போனால் குறையும். டேனிஷ் பாஸ்போட்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் குடிவரவு அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். நேரம் எங்களைவிட ஐந்து மணித்தியாலம் பின்னால். பெரியண்ணை வழி முழுக்கப் படமும் பார்க்கவில்லை, நித்திரையும் கொள்ளவில்லை. குளிர் ஜாக்கெட்டைக் கழற்றாமல், திரையில் சின்ன விமானம் கடல் மேல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்க நினைத்ததை இரண்டு தரம் தொண்டைவரை கொண்டுவந்து, கோப்பி வேணுமோ என்று கேட்டு முடித்தேன்.

விமான நிலையத்திலிருந்து வில்லெம்ஸ்டாட் நகரம் பன்னிரண்டு கிலோமீற்றர். டாக்சியில் மீற்றர் கிடையாது, ஏற முதல் விலை பேசுங்கள். எங்களிடம் 35 டொலர் எடுத்தார். டென்மார்க்கிலிருந்து வருகிறோம் என்றதும் சாரதி கண்ணாடியில் எங்கள் முகங்களை இரண்டாம் முறை பார்த்தார். பிறகு இலங்கை என்று விளக்கம் சொன்னேன். ஓ, அங்கேயும் ஒல்லாந்தர் இருந்தார்கள்தானே, அப்படியென்றால் நீங்களும் எங்கள் ஆட்கள் என்று சிரித்தார். நாளைக்கு முதலில் கோட்டைக்குப் போங்கள், உங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்தில்தான், உள்ளே முழுக்கக் கடை, நல்ல ஐஸ்கிறீம் என்றும் சொன்னார்.

கோட்டை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். மகள் எடுத்த ஹோட்டலின் பக்கத்தில் கடைத்தொகுதி இருக்கிறது என்றுதான் பயண நிறுவனத்தின் இணையத்தளத்தில் வாசித்திருந்தேன். நீச்சல்குளமும் குடைகளும் உள்ள படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அது கோட்டை என்று எங்கேயோ ஒரு வரியில் இருந்திருக்கும். பெரியண்ணை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை.

அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு, நடை தூரம்தானே என்று அவரே புறப்பட்டார். றிஃப் கோட்டை துறைமுக வாயிலில் இருக்கிறது. ஒல்லாந்தர் எதிரிக் கப்பல்களைத் தடுக்கக் கட்டியது. இப்போது அதே இடத்தில், இஷொய் மாடிக் குடியிருப்பு இரண்டைச் சேர்த்து மிதக்கவிட்ட மாதிரி உல்லாசக் கப்பல் ஒன்று வந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்குகிறவர்கள் காற்சட்டையும் தொப்பியுமாக நேரே கோட்டைக்குள் வருகிறார்கள். தடித்த சுவர், வளைவு வளைவான அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு கடை: வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், நகை, நீச்சல் உடை. நடு முற்றத்தில் சாப்பாட்டு மேசைகள். உள்ளே போக ஒரு சதமும் இல்லை, வாசலில் யாரும் மறிப்பதும் இல்லை.

வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் பெரியண்ணை நின்றுவிட்டார். நீ போய்ப் பார், நான் இதிலே நிற்கிறேன் என்றார். வற்புறுத்தக்கூடாது என்று விளங்கியது. ஆனால் அவரை விட்டுவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பவும் மனம் வரவில்லை. ஒரு கண் பார்வையில் அவரை வைத்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு ஐஸ்கிறீம் வாங்கினேன், ஒன்பது டொலர். திரும்பி வந்தபோது அவர் சுவரோடு நின்று, சாந்து உதிர்ந்த ஒரு இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"முருகைக்கல்," என்றார். "கடலுக்கை எடுக்கிறது. எங்கடை கோட்டையிலையும் இதே கல்தான்."

ஐஸ்கிறீமை அவர் கையில் கொடுத்தேன். வாங்கி, ஒரு வாயும் வைக்காமல் அப்படியே குப்பைத்தொட்டியில் வைத்துவிட்டு, வாசலுக்குள் நடக்கத் தொடங்கினார். முற்றத்தைக் கடந்து, சனத்தை விலக்கிக்கொண்டு, முன்பே வந்து பழகிய ஆள் போலப் போனார். நான் பின்னால் ஓடினேன். நீச்சல் உடை விற்கிற கடை ஒன்றுக்குள் நுழைந்தார். உள்ளே பாட்டு, குளிரூட்டி, வளைந்த கூரை, கூரைக்குக் கீழே ஒரு சின்னக் கீறல் யன்னல். பெரியண்ணை கடைசி மூலைக்குப் போய், தொங்கிய நீச்சல் உடைகளுக்குக் கீழே, நிலத்தில் இருந்துவிட்டார்.

நெஞ்சு நோவாக்கும் என்று நான் துடித்துப்போனேன். கடைப் பெண் ஓடி வந்து ஒரு கதிரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். தண்ணீரைக் குடித்தார், கதிரையில் ஏறவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், அது என் தொழில், சீராகத்தான் அடித்தது. அம்புலன்ஸ் கூப்பிடவோ என்று அந்தப் பெண் கேட்க, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இப்பிடித்தான் மூலை," என்று எனக்குச் சொன்னார். "அவன் இந்த மூலையிலைதான் படுத்தவன். சுவர் குளிர் எண்டு."

பிறகு அந்த இடத்திலேயே இருந்து சொன்னார். நானும் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போய் உடைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். அறை நிறைய ஆட்களை அடைத்து வைத்திருந்தார்களாம். சின்னண்ணைக்குக் காய்ச்சல். உடம்பு கொதிக்கிறது என்று மற்றவர்கள் சுவர் ஓரத்தை அவருக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மருந்து கேட்டுக் கத்தியும் யாரும் வரவில்லை. ஒருநாள் விடிய அவர் எழும்பவில்லை. பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே என்று பெரியண்ணைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அடுத்த கிழமை இவரை விட்டிருக்கிறார்கள். வெளியே சோற்றுப் பார்சல் இரண்டுடன் அம்மா நின்றிருக்கிறார்.

அம்மாவிடம் இதை எப்போதாவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அண்டைக்கே சொன்னனான். கேற்றடியிலை வைச்சு," என்றார். "அவ அழேல்லை. பார்சலைப் பிரிச்சுத் தந்து, தின் எண்டா. நான் திண்டு முடியத்தான் கதைச்சவ. தங்கச்சிக்குச் சொல்லிப் போடாதை, அவள் சின்னப்பிள்ளை, தாங்கமாட்டாள் எண்டு சொன்னா."

எனக்கு நம்ப முடியவில்லை. பெரியண்ணை வந்த பிறகும் அம்மா மாதக்கணக்காகச் சோற்றுப் பார்சலுடன் கோட்டைக்கென்று போனது என் கண்ணால் கண்டது. அதைச் சொன்னேன். அம்மா கோட்டைக்குப் போகவில்லையாம். கோயில் வெளிவீதியில் இருந்து மத்தியானம்வரை அழுதுவிட்டு, பார்சலை அங்கே யாருக்காவது கொடுத்து, கிணற்றில் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் நான் இருந்தேன், வீட்டில் அழ முடியாது.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வருடமும் ஆனி மாதத்தில் ஒரு நாள் அம்மா விடிய முழுகிவிட்டு, மரக்கறி, வடை, பாயாசம் என்று சமைத்து, முதல் பங்கைக் காகத்துக்கு வைத்த பிறகுதான் வாயில் தண்ணீர் வைப்பார். புரொண்பி வீட்டு பல்கனியிலும் வைத்தார். கடற்காகங்கள் வந்து கூத்தாடி, கீழ்வீட்டுக்காரர் எழுதி முறைப்பாடு போட்டார்கள். சின்னண்ணை திரும்பி வருவதற்கு அம்மா வைத்த நேர்த்தி அது என்று நான்தான் அவர்களிடம் போய் விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அது நேர்த்தி இல்லை," என்றார் பெரியண்ணை. "சின்னவன்ரை திவசம்."

அதற்குப் பிறகு நான் அழுதேன். ஒளித்து அழவில்லை. கடைப் பெண் என்ன நடந்தது என்று கேட்டாள். எங்கள் சகோதரன் இறந்துவிட்டான் என்றேன். ஐயோ, எப்போது என்றாள். கொஞ்சம் முதல்தான் கேள்விப்பட்டேன் என்றேன். அவள் போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு வந்து, எங்களுக்கு முன்னால் இருந்த உடைத்தாங்கியை இழுத்து மறைப்பாக வைத்தாள். நாங்கள் போகும்வரை அந்தப் பக்கம் ஒருவரையும் விடவில்லை.

மிச்சம் ஐந்து நாட்கள் இருந்தன. பெரியண்ணை கடலில் குளித்தார், மீன் சாப்பிட்டார், பகலிலும் குறட்டை விட்டுத் தூங்கினார். இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைத்த மனுஷன் தூங்கட்டும் என்று விட்டேன். எனக்குத்தான் நித்திரை இல்லை. அவர் மேல் கோபம் வரவில்லை. அம்மா மேல் வந்தது, செத்துப்போனவர் மேல் வருகிற, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாத கோபம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல்வரை நல்ல காலம், முப்பது பாகை வெயில், ஆனால் காற்று விடாமல் வீசும். டொலரை எல்லா இடமும் எடுக்கிறார்கள். கோட்டைக்குக் காலை பத்துக்கு முதல் போங்கள், பிறகு கப்பல் சனம் நிறைந்துவிடும். சுவருக்கு மேலே இருக்கும் உணவகங்களில் கடல் காட்சி வடிவு, ஒரு மீன் தட்டு முப்பது டொலர். அக்கரைக்கு மிதக்கும் பாலத்தில் நடக்கலாம். கப்பலுக்காகப் பாலம் திறந்தால் இலவசப் படகு இருக்கிறது. நல்ல கடற்கரைகள் மேற்கே நாற்பது கிலோமீற்றர், கார் எடுப்பதுதான் வசதி. கூட வருகிறவர் எங்கள் காலத்து ஆளாக இருந்தால், போகிற கட்டடம் முந்தி என்னவாக இருந்தது என்று வாசித்துவிட்டு அவரிடம் முதலே சொல்லுங்கள். வாசலில் வைத்துத் தெரியவருவது நல்லதில்லை. கேட்க வேண்டியது ஏதும் உங்களிடம் இருந்தால், அதற்காகக் கரீபியன்வரை போகாதீர்கள். இஷொய்க்கு எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம்தான்.

கோபம் இப்போது இல்லை. வேறொன்றுதான் இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், நான் வேலை முடிந்து போகும்போதெல்லாம், சின்னவனைப் பற்றி ஏதும் அறிஞ்சியோ என்று கேட்பார். கிழவியின் நம்பிக்கையைக் கெடுக்கக்கூடாது என்று, இன்னும் இல்லை அம்மா, வருவார் என்று சொல்லுவேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓம் பிள்ளை, வருவான் என்று என் கையைத் தடவுவார். நான் அவரைத் தேற்றியதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். என்னால் தாங்க முடியுமா என்று ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு நாள், அவர் இனி வரமாட்டார் அம்மா என்று நான் சொல்லியிருந்தால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்.