ஆலமரத்தடியில் ஒரு தேடல்

யாரோ ஒளித்து வைத்த டப்பாவை, கைப்பேசி காட்டும் இடத்துக்குப் போய்த் தேடிப் பிடிக்கும் ஜியோகேச்சிங் விளையாட்டில் எனக்குப் பைத்தியம். அன்று மலேசியாவின் பொந்தியான் ஊரில் ஓர் ஆலமரம். வீட்டில் வேண்டாத பழைய சாமி படங்களைக் கொண்டுவந்து வைப்பார்களே, அப்படியொரு மரம். வெகுநேரம் வேர்களுக்கிடையே சேற்றில் துழாவியும் டப்பா சிக்கவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை.

ஒரு பெண் பிளாஸ்டிக் பையோடு வந்தார். "என்னண்ணே தேடுறீங்க?"

விளையாட்டு என்று சொல்ல வெட்கம். "கார் சாவிம்மா" என்றேன்.

பையை வைத்துவிட்டு அவரும் மண்டியிட்டுத் தேடினார். பை சரிந்தது. உள்ளே பால் புட்டி, குட்டிச் சட்டைகள்.

"மகனோடது. போன வாரம் தவறிட்டான். வீட்டுல வச்சிப் பார்க்க முடியலண்ணே" என்றார், சேற்றிலிருந்து கையை எடுக்காமலே.

நான் எழுந்துவிட்டேன். "போதும்மா, விட்டுடலாம்."

"சாவி இல்லாம எப்படிண்ணே வீட்டுக்குப் போவீங்க? இங்கதான் இருக்கும்லா."

அவர் நகங்களில் சேறு ஏறியிருந்தது. நான் திரும்பிக்கொண்டு, சட்டைப்பையில் இருந்த சாவியை எடுத்துச் சேற்றில் தேய்த்து, அவரிடம் காட்டினேன். "கிடைச்சிருச்சும்மா."

"நான் சொன்னேன்ல!" அவர் முகம் மலர்ந்தது.

நான் எதையுமே தொலைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.